பாதி விளக்கம்

ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் அக்கா புருஷனிடம் கத்தித் தீர்த்துவிட்டேன். கத்தாமல்? டாக்டர் ஆஸ்துமாவுக்கு எழுதிக் கொடுத்து ஐந்து மாதம் ஆன பழுப்பு இன்ஹேலர், அக்காவின் கைப்பையில் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. மூச்சு முட்டும்போது மட்டும் போடவேண்டிய நீல இன்ஹேலர் மூன்று. மூன்றும் காலி.

"தினமும் போட வேண்டியது இது மாமா! வீட்டுல இருந்துகிட்டு இதைக்கூடப் பாக்க மாட்டீங்களா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா முகமூடியோடு தோள்கள் ஏறி இறங்க மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தாள். நீல மருந்தையே நர்ஸ் திரும்பத் திரும்பப் புகையாகக் கொடுத்தும் நெஞ்சு இளகவில்லை. ஊசி போட்டிருக்கிறது, காத்திருங்கள் என்றார்கள்.

"அவ உன் பேச்சைத்தாம்மா கேட்டா," என்றார் மாமா கடைசியில். "நீல மருந்து எப்படி வேலை செய்யுதுன்னு நீதானே சாப்பாட்டு மேசையில படம் போட்டுக் காட்டினே? அதான் உள்ளுக்குள்ளேயே ஆள் அனுப்பி வேலையை முடிச்சிடுதே, இன்னொன்னு எதுக்குன்னுட்டா."

எனக்குச் சுருக்கென்றது.

என் பிழைப்பே அதுதான். ஆய்வகத்தில் மூச்சுக்குழல் தசைத் துண்டுகளை வெதுவெதுப்பான உப்புநீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு, மருந்து சொட்டி, அவை தளர்வதை அளக்கிறேன். நீல மருந்து தசைச் செல்லுக்குள் போகாது. வெளியே நின்று கதவைத் தட்டும். உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்று ஒரு தூது மூலக்கூறு கிளம்பி, பிடியை விடு என்று தசைக்குச் சொல்லும். அன்று சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னபோது அக்கா வாயைப் பிளந்து கேட்டாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நாள் முழுக்கத் தட்டினால் கதவுக்குக் காது மந்தமாகிவிடும், தூதும் சரியாகக் கிளம்பாது என்று நான் சொல்லவில்லை. மூச்சுக்குழலின் உள்வீக்கத்துக்கு இந்தத் தூது போதாது, அதற்குத்தான் பழுப்பு மருந்து என்றும் சொல்லவில்லை. தொட்டியில் தொங்கும் என் துண்டுகளுக்கு வீக்கம் வருவதில்லை. அதனால் எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. மாமாவைத் திட்டிய அத்தனையும் எனக்கே பொருந்தியது.

சாயங்காலம்தான் அக்காவுக்கு மூச்சு சீரானது. டாக்டர் பழுப்பு இன்ஹேலரை நீட்டி, காலையும் மாலையும் தவறாமல் போடச் சொன்னார். அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. என் பக்கம் திரும்பினாள்.

"போடணுமாடி? நீ சொன்னா போடுறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டாக்டரைக் கேளு! என்னை எதுக்குக் கேக்குற?"

வார்டே திரும்பிப் பார்த்தது. அக்கா மருந்தைக் கையில் வாங்காமல் என் பதிலுக்காகக் காத்திருந்தாள்.