உயர்த்தி வரைந்த கோடு

பீட்டர்ஸ்பர்க் கப்பல் பட்டறையில் எனக்கு எடைக்காரன் என்று பெயர். ஆணியோ பீரங்கியோ அட்மிரலின் குளியல் தொட்டியோ, கப்பலுக்குள் போகும் முன் என் தராசில் ஏறி இறங்க வேண்டும். பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். எடையைக் குறித்துக்கொள்ளலாம், வேண்டாம் என்று சொல்ல முடியாது.

'ஸ்வியாதோகர்' போர்க்கப்பலின் வரைபடம் அழகானது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு பெரிய பீரங்கிகள், பக்கத்துக்கு ஆறு சின்னவை, இடுப்பைச் சுற்றி எஃகுக் கவசம். கவசத்தின் மேல்விளிம்பு தண்ணீருக்கு மேலே இரண்டடி நிற்க வேண்டும். நீர்மட்டத்தில் ஓட்டை விழுந்தால் கடல் உள்ளே வந்துவிடும். கப்பல் இருபது வருஷம் உழைக்கும் என்று கணக்கு. பூமியே தாங்காத கனமுள்ள பழங்கதை வீரனின் பெயரைப் போய் ஒரு கப்பலுக்கு வைத்தவர்களை என்ன சொல்ல!

கட்டி முடிக்க ஐந்து வருஷம். அதற்குள் வந்து பார்த்த பெரியவர்கள் ஆளுக்கொன்றைச் சேர்த்தார்கள். ஒருவருக்குக் கூடுதல் படகு, ஒருவருக்கு ஓக் மரச் சுவர், ஒருவருக்குப் பியானோ. "இது என்னய்யா பெரிய எடை, போர்ஃபிரி?" என்றார்கள் எல்லோரும். ஜப்பானோடு சண்டை மூண்டதும் கால் வைக்கும் இடமெல்லாம் நிலக்கரி. கடைசியில் இடுப்பில் நிற்க வேண்டிய கால்சட்டை நழுவிவிட்டது: கவசத்தின் மேல்விளிம்பு நான்கு விரல் தண்ணீருக்கு அடியில்.

தலைமை வடிவமைப்பாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஜன்னல் வழியே பார்த்தார். கப்பலின் அடிப்பாகம் சிவப்பு, மேலே கறுப்பு. தண்ணீருக்கு மேலே ஒரு பட்டையாகத் தெரிய வேண்டிய சிவப்பே கண்ணில் படவில்லை.

"பாக்க அசிங்கமாத்தான் இருக்கு. சிவப்பை மேல ஏத்தி அடிச்சுடுங்க."

அடித்த மாலுமிகளில் என் தம்பி ஸகாரும் ஒருவன். கயிற்றுப் பலகையில் தொங்கியபடி, மூக்கெல்லாம் சாயத்தோடு கத்தினான்.

"அண்ணே! உன் கப்பல் பொண்ணுக்குப் பாவாடையத் தூக்கிக் கட்டறோம், பாத்துக்க!"

பலகையே குலுங்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பயணத்துக்கு முந்தைய ஞாயிறு வீட்டுக்கு வந்தான். முட்டைக்கோஸ் சூப்பைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தான். அவன் மனைவி உஸ்தீனியா அடுப்படிக்குப் போனதும் குரல் தாழ்ந்தது.

"அண்ணே, பட்டறையில சாயம் அடிக்க ஆள் வேணுமாம். மேஸ்திரி என்னைக் கேக்கறார். கேப்டனும் விட்டுடறேங்கறார். நாளைக்குள்ள சொல்லணும்."

"சொல்லிட வேண்டியதுதானே?"

"பயந்து ஓடிட்டான்னு பசங்க சிரிப்பானுங்க. நீ சொல்லு, அது நல்ல கப்பலா? நிறுத்துப் பாத்தவன் நீதானே. நல்லதுன்னா போறேன். இல்லேன்னா இங்கயே கிடக்கறேன்."

இல்லை என்றால் ஏன் என்று கேட்பான். கேட்டதை ஸகார் வயிற்றில் வைத்துக்கொள்ள மாட்டான். மறுநாள் கப்பல் முழுக்கத் தெரியும். அடுத்த நாள் என் நாற்காலியில் வேறொருவன். தம்பி ஒரு துண்டு ரொட்டியை மெல்லும் நேரத்தில் இவ்வளவையும் எடை போட்டுவிட்டேன். தொழில் அப்படி.

"இரும்புடா அது. அசையாது," என்றேன்.

"அப்ப சரி. ஜப்பான்லேர்ந்து உனக்கொரு விசிறி. சொட்டைக்குக் காத்து வேணும்ல?"

எட்டு மாதம். ஸ்வியாதோகர் வாழ்ந்தது அவ்வளவுதான். ஜப்பான் பக்கத்து சூஷிமா கடற்போரில், கவசத்துக்கு மேலே இருந்த மெல்லிய தகட்டைக் குண்டுகள் கிழித்தன, கடல் உள்ளே வந்தது, மாலைக்குள் கவிழ்ந்தது. எண்ணூறு பேரில் ஏழு பேர் பிழைத்தார்கள். பெயர்களைச் சுவரில் ஒட்டினார்கள். நான்கு தடவை படித்தேன். எங்கேயாவது எட்டாவது ஒளிந்திருக்காதா?

நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் உஸ்தீனியா அவனுடைய கடைசிக் கடிதத்தை நீட்டினாள். 'அழாதே. கப்பல் நல்லதுன்னு அண்ணன் சொல்லிட்டான். அவனுக்குத் தெரியாததா?'

"நீங்க சொன்ன தைரியம், அத்தான். அவரு நிம்மதியாத்தான் போயிருக்காரு," என்றாள்.

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அவளோ நன்றி சொல்கிறாள். சொல்லிவிட்டேன், பியானோவிலிருந்து சிவப்புச் சாயம் வரை, அன்று சூப்புக் கிண்ணத்துக்கு முன்னால் போட்ட கணக்கு வரை.

அவள் அழவில்லை.

"எவ்வளவு எறங்கியிருந்துச்சு?"

தரையிலிருந்து உள்ளங்கையை உயர்த்திக் காட்டினேன். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே நின்றது.

கைக்கும் தரைக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தை அவள் குனிந்து பார்த்தாள்.

"இவ்வளவுதானா?"

கையை எப்போது இறக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.