ஐந்தாவது இலை

பனவடலிசத்திரத்து முத்துமாரியம்மாள் செத்து ஆறு வருஷம் கழித்து, சங்கரன்கோவிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலக் கச்சேரியில், தனக்கு ஒரு பாட்டுப் பாடச் சொல்லிச் சீட்டு அனுப்பினாள். எழுதப் படிக்கத் தெரியாதவள் என்பதால் பெயருக்குக் கீழே கைநாட்டு இருந்தது. கச்சேரியில் சீட்டு வந்தால் பெயரை மைக்கில் வாசித்துவிட்டுத்தான் பாட்டைத் தொடங்க வேண்டும். நாற்பது வருஷப் பழக்கம். மேடையில் பாடிக்கொண்டிருந்த ஞானதுரை யோசிக்காமல் வாசித்துவிட்டான். முன்வரிசையில் முறுக்குத் தின்றுகொண்டிருந்த அவள் மகன் விஜய்சங்கர் எழுந்து, "என்ன வே, விளையாடுதீரா? எங்கம்மைக்கு நாந்தான வே கொள்ளி வச்சேன்" என்று கத்தினான். மறுநாள் கைநாட்டை நிலப்பத்திரத்தோடு வைத்துப் பார்த்தார்கள். அவளுடையதுதான். அதைவிடப் பெரிய சங்கடம், அவள் கேட்ட பாட்டைக் கச்சேரியன்று காலையில்தான் பேண்டுக்காரர்கள் கட்டி முடித்திருந்தார்கள். வெளியே ஒருத்தருக்கும் தெரியாது.

பேண்டின் பெயர் 'பழைய கரண்ட்'. அறுபதைத் தாண்டிய மூன்று பேர் புதிதாக பேண்டு தொடங்கினால் அதில் ஏதோ கள்ளத்தனம் இருக்கும் என்றுதான் ஊர் நினைத்தது. ஞானதுரை பேஸ் கிட்டார், தங்கப்பழம் ஆர்கன், தறி ஓட்டிப் பிழைத்த வாசிம் டிரம்ஸ். ஆயுசு முழுக்கக் கல்யாண வீட்டிலும் கோவில் கொடையிலும் சினிமாப் பாட்டு வாசித்துச் சலித்தவர்கள். ஞானதுரையின் மச்சான் கப்பல் வேலையிலிருந்து கொண்டுவந்த கேசட்டுகளில், அமெரிக்கக் கறுப்பர்கள் அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டுப் பாடும் சோல் பாட்டும் பழைய ராக்கும் இருந்தன. அந்தச் சத்தத்தில், நம் பேச்சில், சொந்தப் பாட்டுக் கட்டுவதென்று 2022இல் ஓடாத ஒரு தறிக்கொட்டகையில் கூடினார்கள். பாட ஞானதுரையே போதும் என்று அவனே சொன்னான். லீடு கிட்டாருக்கு ஆள் வைக்கவில்லை. அது ராஜதுரையின் இடம்.

ராஜதுரை, அவர்களோடு பழைய கச்சேரிகளில் லீடு வாசித்தவன், பாட்டுக்காரி ஜாய்ஸின் புருஷன். செத்துப் பதினோரு வருஷம். அவள் சரணத்தை முடிக்கும் முன்னே கிட்டாரை ஏற்றி அவள் குரலை முக்கிவிடுவது அவன் வழக்கம். கடைசிக் கச்சேரியில் அவள் மைக்கிலேயே, ஊர் கேட்க, "இனி உங்க கூடப் பாட மாட்டேன்" என்றாள். அவனுக்கு எலுமிச்சங்காய் ஊறுகாய் இல்லாமல் சோறு இறங்காது. நாலாம் நாள் அதை வாங்கப் புளியங்குடிக்குப் போனவன், பஸ் ஸ்டாண்டில் பாட்டிலை மடியில் வைத்தபடி செத்துக் கிடந்தான். அதற்குப் பிறகு ஜாய்ஸ் சர்ச்சில்கூட வாய் திறக்கவில்லை. கைநாட்டுச் சீட்டின் சேதி கேட்ட அன்று, ராஜதுரையின் ஆம்ப்ளிஃபயரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தறிக்கொட்டகைக்கு வந்தாள். "நானும் பாடுதேன் அண்ணாச்சி. சீட்டுப் பெட்டிய இது மேல வைங்க" என்றாள். வாசிம் பெட்டியைத் தூக்கி அதன் மேல் வைத்தான்.

அவள் வந்தபின் செத்தவர்களின் சீட்டுகள் பெருகின. சுடுகாட்டுச் சீட்டு சூடாக இருக்கும். கல்லறைச் சீட்டில் ஈரம் இருக்கும். சிவகிரியில் தாலுகா ஆபீஸ் வேலையில் இருக்கும்போதே செத்த குற்றாலநாதன் மூன்று நகல்கள் அனுப்பினான். இரண்டு வருஷம் ஜாய்ஸ் ஒவ்வொரு கச்சேரிக்கு முன்னும் பெட்டியில் கை விட்டு, புதைத்தவனாயிற்றே என்று ஈரச் சீட்டுகளை மட்டும் பிரித்துத் தேடினாள். ராஜதுரையிடமிருந்து ஒன்றுமில்லை.

சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழா வாரத்தில், மேடை ஏறும் முன் பெட்டியையே கவிழ்த்தாள். "செத்தவிய எல்லாரும் கேக்காவ. அவிய மட்டும் கேக்க மாட்டேங்காவ. கோவம் தீரல. இன்னையோட நிறுத்திக்கிடுதேன்" என்றாள். தங்கப்பழம், "கண்ணாடியப் போட்டுப் பாரு தாயி" என்றான். சிம்பலைத் திருகிக்கொண்டிருந்த வாசிம் திரும்பாமலே கேட்டான்: "மதினி, மேடையில நிக்கவன் என்னைக்காவது சீட்டு எழுதி அனுப்புவானா?"

ஜாய்ஸ் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தாள். வயர் பிளக்கில் செருகாமல் சுருட்டியபடி மேலே கிடந்தது. ஆனாலும் சிவப்பு விளக்கு எரிந்தது. தொட்டாள், சுட்டது. அது எந்தக் கச்சேரியிலும் ஆறியதே இல்லை, இத்தனை நாளும் வெயில் சூடு என்று நினைத்திருக்கிறாள்.

அன்று அவள் கடைசிச் சரணத்தை வேண்டுமென்றே இழுத்தாள். ஒரு வரியை இரண்டு தரம் பாடினாள், நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடித்தாள். லீடு கிட்டார் காத்திருந்தது. கடைசிச் சொல்லைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, பழைய வழக்கப்படி, ராஜதுரை நிற்கும் இடது பக்கம் தலையை ஆட்டினாள். பிறகுதான் அது எழும்பியது. தேர் நிற்கும் இடம் வரை கேட்டதாகச் சொல்கிறார்கள்.

இப்போது நோட்டீஸில் ஐந்து பெயர் போடுகிறார்கள். கல்யாண வீடுகளில் பேண்டுக்கு ஐந்து இலை விழுகிறது. ஐந்தாவது இலையில் சோறு வைத்தபடி இருக்கும். பரிமாறுகிறவர்கள் அதற்கு ஊறுகாயை மட்டும் இரண்டாம் தரம் வைத்துவிட்டுப் போகிறார்கள்.