ஒரே கான்வாஸ்

எங்க வீட்டுக்காரர் பெரிய ஓவியர்னு ஊரே சொல்லும். எங்க வீட்டுச் சுவர்ல ஆணி மட்டும்தான் இருக்கும், படம் கிடையாது. சினிமா எடுக்கிறதுக்காக ஓவியம் வரைஞ்ச மனுஷன் அவர். ஒரே கான்வாஸ், அதுல வரைவார், கேமராவில ஒரு கிளிக், அதுமேலேயே அடுத்த படம். எல்லாம் சேர்த்து ஓட்டினா, காக்கா மரமாகும், மரம் ரயிலாகும். பெயிண்ட் ஏறி ஏறி அந்தக் கான்வாஸைத் தூக்க ரெண்டு ஆள் வேணும். "வரைஞ்சதை அழிக்கவா இவனைப் பெத்தேன்?"னு மாமியார் தலையில அடிச்சுப்பாங்க.

என்னை அவர் வரைஞ்சது ஒரே ஒரு தடவை. பொண்ணு வயித்துல இருந்தப்போ, ஜன்னலோரம் உட்கார வச்சு வரைஞ்சார். மூக்கு நுனிக் கோபம் உட்பட அப்படியே நான்!

"இதுமேல மட்டும் பூசாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்"னு கெஞ்சினேன்.

மனுஷன் பிரஷ்ஷைக் கழுவப் போயிட்டார். மறுநாள் முழுக்க அறைக் கதவைச் சாத்திக்கிட்டார். அதுக்கு அடுத்த நாள் எட்டிப் பார்த்தா, என் முகம் இருந்த இடத்துல ஒரு தண்ணித் தொட்டி! ஏன் அழிச்சீங்கன்னு கத்தினேன். "நீ படத்துல இருக்கே"ன்னார். எந்தப் படத்துல? அவர் எடுத்த மத்த சினிமாவெல்லாம் ஊர் ஊரா ஓடிச்சு, கைதட்டல் வாங்கிச்சு. இதை மட்டும் "இன்னும் முடியல"ன்னே டப்பாவில போட்டு வச்சிருந்தார். போயும் சேர்ந்துட்டார்.

போன வாரம், பழைய படங்களைச் சரிபண்ற கூடத்துல அதைப் போட்டுக் காட்டினாங்க. கண் இமைக்காம உட்கார்ந்திருந்தேன். ஒரு நொடியில ஓடிப் போற படக் கூட்டத்துல என்னைத் தவற விட்டுடுவேனோன்னு பயம். செருப்பு, குடை, கோழி, பாலம், எல்லாம் பறக்குது.

திடீர்னு நின்னுச்சு. நான்! உப்பின கன்னம், அதே கோபம். போகவே இல்லை. ஜன்னல் வெயில் என் நெத்தியில ஏறுது, கழுத்துக்கு இறங்குது, மங்குது, அப்புறம் விளக்கு வெளிச்சம். அப்பவும் நான்தான். அன்னிக்குக் கதவைச் சாத்திக்கிட்டு, காலையிலேருந்து என் படத்து முன்னாடியே உட்கார்ந்து கிளிக் கிளிக்னு எடுத்திருக்கார்.

"இங்கதாம்மா தப்பு"ன்னா மிஷின் ஓட்டின பொண்ணு. "அடுத்ததை வரைய மறந்துட்டார் போல. ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டு மீதியை வெட்டிடலாமா?"

"கத்திரியை எடுத்தே, கையை ஒடிச்சிடுவேன்!"

அந்தப் பொண்ணு பயந்து தண்ணி கொண்டு வந்தா. "அழாதீங்கம்மா."

"பின்னே என்னடி? அழிக்க மனசு வரலைன்னு அந்த மனுஷன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"