நன்றிப் பக்கம்

என் அண்ணனைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: தங்கமான மனுஷன், பேச்சில் அவ்வளவு மரியாதை. தபால் ஆபீஸ் கவுண்டரில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்தவர். அவர்மேல் ஒரு புகார்க் கடிதம் வந்ததில்லை. யாராவது நம்பர் மாற்றிப் போன் செய்துவிட்டால்கூட, "பரவாயில்லைங்க, வெச்சிடட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பார்.

அந்த மரியாதை எல்லாம் வாசலோடு சரி. வீட்டுக்குள் நானும் அண்ணியும் வாங்கிக் கட்டிக்கொண்டது வேறு. எனக்கு ஐம்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்தாகிவிட்டது. அவருக்கு நான் இன்னும் கழுதைதான். கோபம் முற்றினால் எருமை.

ஓய்வு பெற்றதும் அண்ணன் ஒரு புத்தகம் எழுத உட்கார்ந்தார். கவுண்டருக்கு வந்தவர்கள் பேசிய விதம்தான் விஷயம். ஒரு ஸ்டாம்புக்குக் கும்பிடு போட்டவர்கள், சில்லறையை விட்டெறியாத குறையாகப் போட்டவர்கள், "யோவ்" என்று ஆரம்பித்துவிட்டு மணியார்டர் வந்திருக்கிறது என்றதும் "சார்" என்று குழைந்தவர்கள். நன்றாகத்தான் எழுதினார். ஆனால் கையெழுத்து, கோழி கிளறிய மாதிரி இருக்கும். நான் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறவள். வேலை வேறு யார் தலையில் விழும்?

நாலு வருஷம். முந்நூற்றுப் பத்துப் பக்கம், மூன்று தடவை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அடித்தேன். அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நின்று கத்திக்கொண்டிருப்பார்.

"ஏண்டி கழுதை, நான் எழுதினது என்ன, நீ அடிச்சிருக்கிறது என்ன? கண்ணை அடகு வெச்சிட்டியா?"

"உன் எழுத்தைப் படிக்க ஜோசியக்காரனைத்தான் கூட்டிட்டு வரணும். வேணும்னா நீயே அடிச்சுக்கோ."

"வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்ல."

பதினொன்றாம் அத்தியாயத்தில் ஒரு மேலதிகாரியை வெளுத்து வாங்கியிருந்தார். அதில் பாதியை நான் எடுத்தேன். மூன்று வாரம் என்னோடு மல்லுக்கு நின்றார். நாலாவது வாரம் எதுவும் சொல்லாமல் பன்னிரண்டாம் அத்தியாயத்தை நீட்டினார். அதுதான் அவர் எனக்குக் கொடுத்த சர்டிபிகேட். எனக்கு அது போதும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புத்தகம் வந்தது. கடை முதலாளிக்கு ஒரு பிரதி கொடுத்தேன். என்னைவிடச் சின்னவர், எதையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிற ஆள்.

"அக்கா, நன்றின்னு ஒரு பக்கம் போட்டிருக்காரே, உங்க பேரு எங்க இருக்கு?"

"அடுத்த பக்கம் பாரு தம்பி" என்றேன். அடுத்தது அட்டை.

அந்த ஒரு பக்கத்தை மட்டும் அண்ணன் என்னிடம் தராமல் நேராகப் பதிப்பகத்தில் கொடுத்திருந்தார். என் பேரைப் போட்டு என்னை அசத்தப் போகிறார் என்று நான் வேறு நினைத்திருந்தேன். அசடு.

இருபத்தாறு பேர் இருந்தார்கள். பதிப்பாளர், கண் டாக்டர், பேப்பர் கடைக்காரர். 'நான் எழுதும் வேளைகளில் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்து ஒத்துழைத்த பக்கத்து வீட்டு நண்பர்.' அந்த நண்பர் ஒரு நாளும் ஒலியைக் குறைத்ததில்லை. நான் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் டைப் அடித்தேன்.

அன்றைக்கே அண்ணன் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை விரித்து அவர் முன்னால் வைத்தேன். "நான் எங்க?"

அவருக்கு முதலில் புரியவே இல்லை. அண்ணிதான் குறுக்கே வந்தார். "என் பேரும்தான் இல்ல. நான் கேட்டேனா? வீட்டு ஆளுங்களுக்கு யாராவது நன்றி சொல்வாங்களா? நாம என்ன மூணாம் மனுஷங்களா?"

"உனக்கு நன்றி சொன்னா உன்னைத் தள்ளி நிக்க வெக்கிற மாதிரிடி" என்றார் அண்ணன். "எனக்கு நாக்கு கூசும்."

அவர் சொன்னது பொய்யில்லை. எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. ஆனால் எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

"டிவியை அலற விட்டவனுக்கு ஒரு வரி. கண்ணைக் கெடுத்துக்கிட்டவளுக்கு ஒண்ணும் கிடையாது. முப்பத்தோரு வருஷமா உன்மேல ஒரு புகார் இல்லேன்னு பீத்திக்குவியே, இந்தா என் புகார். எழுதி வெச்சுக்கோ."

எருமை என்று ஆரம்பிப்பார், நானும் நாலு வார்த்தை விடலாம் என்று நின்றேன். அவர் முகம் சுண்டிப்போய் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் பேச்சில்லை. பிறகு ஒரு மத்தியானம் கடைக்கு வந்தார். வழக்கமாக நேராக உள்ளே வந்து என் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்கிறவர், அன்றைக்கு வாடிக்கையாளர்கள் நிற்கும் மேஜைக்கு அந்தப் பக்கமே நின்றார்.

"வேலையா இருக்கியாம்மா? முடிச்சுட்டு வா, நான் நிக்கிறேன்."

அம்மாவாம். எனக்குத் திக்கென்றது.

புத்தகம் இரண்டாம் பதிப்பு போகிறதாம். நன்றிப் பக்கத்தைப் புதிதாக எழுதி எடுத்து வந்திருந்தார். கோழி கிளறவில்லை. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, மணியார்டர் பாரம் பூர்த்தி செய்வதுபோலத் தெளிவாக இருந்தது. இருபத்தேழாவதாக நான். 'கையெழுத்துப் பிரதியை மிகுந்த பொறுமையுடன் தட்டச்சு செய்து, தக்க திருத்தங்களும் வழங்கிய' என்று தொடங்கி, என் பேருக்கு முன்னால் ஒரு 'திருமதி', பின்னால் ஓர் 'அவர்களுக்கு', அப்புறம் 'மனமார்ந்த நன்றி'. கண் டாக்டருக்கும் அதே மனமார்ந்த நன்றிதான்.

பொய் சொல்ல மாட்டேன், படித்ததும் சந்தோஷமாக இருந்தது. இரண்டு தடவை படித்தேன். அது எனக்குச் சேர வேண்டியது, அதனால் அப்படியே அடித்தேன். ஆனால் மேஜைக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற மனிதரைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயமாகிவிட்டது. வேண்டுமென்றே பதிப்பாளரின் வரியை விட்டுவிட்டு அச்செடுத்து நீட்டினேன். அவர் தெய்வமாகக் கும்பிடுகிற மனிதர் அந்தப் பதிப்பாளர். இதற்குத் தெருவே கேட்கிற மாதிரி கத்துவார் என்று காத்திருந்தேன்.

அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

"ஒரு வரி விட்டுப்போச்சு போலம்மா. சிரமம் இல்லேன்னா சேர்த்துடலாமா?"

"வேணும்னேதான் விட்டேன். திட்டு."

"எதுக்கும்மா திட்டணும்? நீ சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஊருக்கெல்லாம் ஒரு மாதிரி, உங்களுக்கு ஒரு மாதிரின்னு இத்தனை வருஷம் பேசிட்டேன். உங்க அண்ணிகிட்டயும் மன்னிப்பு கேட்டுட்டேன்."

"எனக்கு ரெண்டும் வேணும் அண்ணா. புத்தகத்துல நன்றி போடு. வீட்ல கழுதைன்னு கூப்பிடு."

அவர் சிரித்தார், பல் தெரியாமல், கவுண்டரில் சிரிக்கிற மாதிரி. "அது எப்படிம்மா முடியும்?"

கோபத்தில் பேசுகிறாரா என்று அவர் முகத்தில் தேடிப் பார்த்தேன். கோபமாக இருந்தால் இன்றில்லாவிட்டால் நாளைக்குத் தீரும். துளி கோபம் இல்லை. மனிதர் நிஜமாகவே திருந்தியிருந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வரியைச் சேர்த்து வேறு தாள் எடுத்துக் கொடுத்தேன். மடிப்பு விழாமல் பையில் வைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றிம்மா" என்றார். வாசலில் நின்று திரும்பி, எனக்கும் கடை முதலாளிக்கும் ஒரே மாதிரி தலையசைத்துவிட்டுப் போனார்.