ஓரகத்தியின் நம்பிக்கை

அண்ணனும் தம்பியும் ஒரே வண்டியில் போய் ஒரே விபத்தில் இறந்தார்கள். மனைவிமார் இருவரும் ஒரே வீட்டில் மிஞ்சினார்கள். மூத்தவளும் இளையவளும் வேலை பார்த்ததும் ஒரே இடத்தில்தான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில், வெந்து உலர்ந்து வரும் விரிப்புகளை ஆளுக்கொரு முனை பிடித்து உதறி மடிப்பார்கள்.

இழப்பு ஒன்றுதான். ஆனால் இளையவள் எப்படியோ நிமிர்ந்துவிட்டாள். அழாமல் இல்லை. ஆனாலும் பசித்தால் சாப்பிட்டாள், படுத்தால் தூங்கினாள், மடிக்கும்போது வாய்க்குள் பாட்டு வேறு. யாராவது துக்கம் கேட்டால், "திரும்பப் பார்ப்பேங்க. கல்லறையிலேர்ந்து எழுந்தவர் இவரையும் எழுப்புவார்" என்பாள், வெளியூர் போன புருஷன் அடுத்த வண்டிக்கு வந்துவிடுவான் என்கிற மாதிரி.

மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. அவளும் அதே கோயிலுக்குத்தான் போகிறாள். உயிர்த்தெழுதலை நம்புகிறேன் என்று எல்லோரோடும் சேர்ந்துதான் சொல்கிறாள். அது அவளுக்கு வாயோடு நின்றுவிட்டது. இவளுக்கு மட்டும் உள்ளே இறங்கியது எப்படி? பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு தட்டில் மட்டும் பரிமாறிவிட்டுப் போன மாதிரி இருந்தது. இவளுக்குப் புருஷன்மேல் அவ்வளவாகப் பாசம் இருந்திருக்காது என்றுகூட நினைத்துப் பார்த்தாள். அந்த ஆறுதலும் கொஞ்ச நேரம்தான்.

ஒரு மதியம் கூடத்தின் மேற்பார்வைக்காரி வந்து, முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று தங்கச்சியிடம் கற்றுக்கொள்ளும்படி மூத்தவளுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனாள். மூத்தவளுக்குச் சுருக்கென்றது. விரிப்பின் முனையைப் பிடித்தபடியே சொன்னாள்:

"உன் புருஷன் அதையெல்லாம் நம்பவே இல்ல, தெரியுமா? செத்தா செத்ததுதான் அண்ணின்னு என்கிட்ட சொல்லிச் சிரிச்சான். அப்புறம் நீ யாரைப் பார்க்கப் போற?"

இளையவள் அந்த விரிப்பை மடித்து முடித்தாள். அடுத்ததை எடுத்தாள். பாட்டு நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து, தட்டில் போட்டதை அளைந்துவிட்டு எழுந்து போனாள்.

மூத்தவள் ஆசைப்பட்டது இதற்குத்தானே? இப்போது இருவரும் சமம். ஆனால் அந்தச் சமம் அவளுக்கு ருசிக்கவில்லை. வீட்டில் எரிந்த ஒரே விளக்கையும் தானே ஊதி அணைத்துவிட்ட மாதிரி இருந்தது.

விடிந்ததும் சமையலறையில் இளையவள் முகம் வீங்கி, மடியில் வேதப்புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். மூத்தவள் பக்கத்தில் உட்கார்ந்து, பொறாமையில் சொல்லிவிட்டேன் என்றாள்.

"எனக்குத் தெரியாததில்லக்கா. என்கிட்டயும் அப்படித்தான் கிண்டல் பண்ணுவார். கல்லறையிலேர்ந்து எழுந்தவர்கூடவே இருந்த சீஷன் ஒருத்தனும்தான் நம்பல. அவன்கிட்டயே வந்து காயத்தைக் காட்டினவர், இவரை மட்டும் விட்டுடுவாரா?"

"உனக்கு மட்டும் எப்படிடி இது நிலைச்சு நிக்குது?"

"எங்க நிக்குது? கண்ணு முழிச்சா பக்கத்துல படுக்கை காலியாத்தான் இருக்கு. நேத்து நம்பினது காணாமப் போயிருக்கும். கல்லறைக்கு அழுதுக்கிட்டே போன பொம்பளைங்களை நெனச்சுக்குவேன். அவங்களும் அவர் எழுந்திருப்பார்னு போகல, உடம்புக்கு வாசனைத் தைலம் பூசத்தான் போனாங்க. அவங்ககூடப் போய் மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிப்பேன். அன்னைக்குப் போதுங்கிற அளவு கிடைச்சதும் வேலைக்குக் கிளம்பிடுவேன்."

யாரோ இவளுக்கு ஒரேயடியாக அள்ளிக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் மூத்தவள் இத்தனை நாள் புழுங்கினாள். அன்றாடம் அழுது வாங்குவது என்று இப்போதுதான் தெரிந்தது. தன்னிடமிருந்த ஒன்றை அவளும் கொடுத்தாள்.

"நீ ஜெபத்துக்கு உட்கார்ந்தா உன் புருஷன் டிவி சத்தத்தைக் குறைச்சுடுவான். நாங்க பேசினாலும் அடக்குவான். உனக்குத் தெரியாது."

இளையவள் அதை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

பொறாமை அன்றைக்கே கழன்று விழுந்துவிடவில்லை. ஆனால் மறுநாள் காலை மூத்தவள் தானாகவே எழுந்துவந்து, அந்தப் பெண்களின் கதையை வாசிக்கச் சொன்னாள். கல்லறை வாசலை அடைத்த கல்லை யார் புரட்டித் தருவார்கள் என்று அவர்கள் வழியெல்லாம் கவலைப்பட்டுக்கொண்டு போன இடம் வந்ததும், "கொஞ்சம் நிறுத்து. இங்கதான் நான் இருக்கேன்" என்றாள்.