அத்தான் சீவிய சக்கரம்

என் அக்காவின் கணவர் மெத்தை விற்பவர். மெத்தை விற்பவர் இன்ஜினைப் பற்றிப் பேசக்கூடாதா என்று கேட்டால், தாராளமாகப் பேசலாம். தொடக்கூடாது. பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களின் சங்கத்துக்கு அத்தான்தான் செயலாளர். ஞாயிறுதோறும் அந்தச் சங்கத்து ஆண்கள் வண்டிகளைச் சுற்றி நின்றுகொண்டு, பெண் வீட்டார் மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரிப்பது போல, "உன்னோடது எத்தனை ஹெச்.பி.?" என்று விசாரித்துக்கொள்வார்கள். அதற்கு மேல் அவர்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது.

எங்கள் வீட்டு வண்டி அப்பா விட்டுப்போனது. ஒற்றை சிலிண்டர், பக்கத்தில் அக்கா உட்கார ஒரு சைடுகார். ஓட்டுவது தங்கையான நான். நான் பல் டாக்டர். கிளினிக்கைத் திறப்பதற்கு முன்னால் அக்காவை மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வருவேன். சின்ன வயதிலேயே அவளுக்கு ஒரு கால் சூம்பிவிட்டது. ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடம் அவள் பொறுப்பில் இருக்கிறது. "மலைக்குக் கீழ ஆபீஸ்ல உட்காருங்களேன், உங்க காலுக்கு அதான் வசதி" என்று அங்கிருக்கும் கண்காணிப்பாளர் வாயில் தேன் ஒழுகப் பேசுவார். அவள் ஒரு நாள் தாமதமாக வந்தால் போதும், அதையே சாக்காக வைத்துக் கீழே இறக்கிவிடுவார். மைக்ராஸ்கோப்பை விட்டுவிட்டு ஃபைல் புரட்டுவதை அக்காவால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

ஆஸ்பத்திரிக்குச் சற்றுக் கீழே, மலைப்பாதையில் செங்குத்தான ஒரு வளைவு உண்டு. பஸ் அதற்குக் கீழேயே நின்றுவிடும். எங்கள் கிழட்டு வண்டி மட்டும் அக்காவையும் என்னையும் சுமந்துகொண்டு, நடக்கிற வேகத்தில், டொப் டொப்பென்று ஏறிவிடும். காரணம், அதன் வயிற்றுக்குள் இருக்கும் ஃப்ளைவீல் என்ற கனத்த இரும்புச் சக்கரம். ஒற்றை சிலிண்டர் ஒரு முறை வெடித்து அடுத்த முறை வெடிப்பதற்குள், அந்தக் கனம்தான் இன்ஜினை நிற்கவிடாமல் சுற்றிக்கொண்டுபோகும். மெதுவாகச் சுற்றும்போதே முழு இழுவையும் கிடைக்கும்படி இன்ஜினையும் செய்திருந்தார்கள். அந்த இழுவையைத்தான் டார்க் என்பது. வேலையை எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம் என்பதை ஹெச்.பி., அதாவது குதிரைத்திறன், சொல்லும். முதலில் அசைக்க முடியுமா என்பதை டார்க்தான் சொல்லும்.

நான் ஒரு பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தேன். அக்காவும் விடுப்பில் இருந்தாள். திரும்பி வந்தபோது அத்தான் ஒரு பிஸ்கட் டப்பாவை நீட்டினார். உள்ளே சுருள் சுருளாக இரும்புச் சீவல்.

"ஃப்ளைவீல லேத் பட்டறையில குடுத்து சீவி, பாதி வெயிட்ட எடுத்தாச்சு. வால்வைத் தெறக்கிற கேம்ஷாஃப்டையும் மாத்திட்டேன். பதினெட்டா இருந்த ஹெச்.பி. இப்ப இருபத்தாறு!"

"எத்தனை ஆர்.பி.எம்.ல?"

"ஆறாயிரத்துல."

"அந்த வளைவுல இன்ஜின் நிமிஷத்துக்கு ஆயிரம் சுத்துதான் சுத்தும், அத்தான்."

"அப்ப நல்லா முறுக்கணும்மா. நீ பயந்து பயந்து ஓட்டுற."

வாயைத் திறக்கச் சொல்லி, ஞானப்பல் முளைத்திருக்கிறதா என்று பார்க்கத் தோன்றியது. குடைந்த பல் திரும்ப வளராது என்பது என்னிடம் வருகிற குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். இந்த மனுஷன் நல்ல பல்லைக் குடைந்துவிட்டுத் தூளை டப்பாவில் போட்டுப் பெருமையாகக் காட்டுகிறார். "ஆசையா பண்ணியிருக்கார், விடுடி" என்றாள் அக்கா. எதற்கும் அவள் சொல்வது அதுதான்.

விடுப்பு முடிந்த அன்று தானே ஓட்டுவேன் என்று அடம்பிடித்தார். நான் பின்னால் உட்கார்ந்தேன். சமதரையில் வண்டி பறந்தது. "பாத்தியா, பாத்தியா?" என்று கத்திக்கொண்டே வந்தார்.

வளைவில் முறுக்கினார். இன்ஜின் வீறிட்டது, கிளட்ச் கருகல் நாற்றம் அடித்தது, வண்டி செத்தது. மறுபடி உதைத்தார். மறுபடி செத்தது. பின்னால் உருள ஆரம்பித்ததும் நான் குதித்துச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன்.

"பெட்ரோல்ல தண்ணி கலந்துட்டான்" என்றார் அத்தான். பிறகு, கொஞ்சமும் கூசாமல் அக்காவிடம் கேட்டார்: "எறங்கி மெதுவா நடந்துடறியா?"

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அப்படி அவள் பார்த்து நான் கண்டதில்லை.

"எறங்க மாட்டேன். தள்ளுங்க."

தள்ளினார். நான் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டேன். மெத்தைக் கடைக்குப் போவதற்காகப் போட்டிருந்த அத்தானின் இஸ்திரிச் சட்டை முதுகோடு ஒட்டியது. ஆஸ்பத்திரி வாசலில் கண்காணிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். நல்லவேளை, நேரம் மிச்சமிருந்தது.

"என்னம்மா, வண்டி மக்கர் பண்ணுதா?"

"இல்ல சார், இருபத்தாறு குதிரை இருக்கு" என்றாள் அக்கா, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டே. "இன்னைக்கு ஒண்ணுதான் வேலைக்கு வந்துது."

அன்றிலிருந்து வளைவு வரை நான் ஓட்டுவேன்; வளைவில் அத்தான் தள்ளுவார். அந்த மாடலுக்கு இப்போது ஃப்ளைவீல் செய்வாரில்லை. சங்கத்து ஆட்களிடம் அத்தான் இன்னமும் பெட்ரோல் பங்க்கைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். அவர்களும் தலையாட்டினார்கள்.

கடைவாய்ப்பல் வலியோடு என்னிடம் வந்த ஒரு பழைய இரும்பு வியாபாரியின் கிடங்கில் அதே இன்ஜின் கிடந்தது. அதனுள்ளே சீவல் படாத முழுச் சக்கரம். அதை மட்டும் வாங்கி வந்து, பழைய போர்வையில் சுற்றி என் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். யாரிடமும் மூச்சுவிடவில்லை. தினமும் காலையில் பின்னாலிருந்து கேட்கிற அத்தானின் மூச்சிரைப்பு எனக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது. அதை உங்களிடம் ஏன் மறைக்க வேண்டும்?

ஒரு நாள் சாயங்காலம் அக்கா என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். அவளுடைய ஊன்றுகோல் கீழே எதிலோ மோதி ணங்கென்றது. குனிந்து போர்வையை விலக்கினாள். என்ன பொய் சொல்லலாம் என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். அவள் இரும்பின் விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

போர்வையை இழுத்து முன்போலவே மூடினாள்.

"நான்தான் கெடுத்தேன்னு என்னைக்கு அவர் வாயால சொல்றாரோ, அன்னைக்கு எடு" என்றாள்.

சக்கரம் இன்னும் என் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறது.