பன்னிரண்டாம் எண் வீட்டின் வெப்பம்

ஜனவரி ஒன்பதாம் தேதி காலை ஆறு ஐம்பதுக்கு, பேங்க்ஃபுட் தெருவின் பன்னிரண்டாம் எண் வீட்டில் தெல்மா ஏக்ராய்ட் அறைகளைச் சூடாக்கும் பாய்லரைப் போட்டார். வெப்பம் முதலாம் எண் வீட்டுக்குப் போனது. அங்கிருந்து இரண்டுக்கும் மூன்றுக்கும் போனது. ஏழரை மணிக்குப் பதினொன்றாம் எண்ணை எட்டி அங்கேயே நின்றது. தெல்மாவின் சமையலறையில் எட்டு டிகிரி. அக்டோபர் கடைசி ஞாயிறு, குளிர்கால நேரத்துக்காக ஊர் முழுக்கக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்த நாளிலிருந்து இப்படித்தான் நடந்துவந்தது. வீடுகளுக்கு நடுவே குழாய் எதுவும் இல்லை. ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக நிற்கும் பன்னிரண்டு கல்வீடுகள், பன்னிரண்டு பாய்லர்கள். அவற்றில் பதினொன்று அக்டோபரிலிருந்து எரியவே இல்லை. சொந்தக்காரர்கள் அதைக் கவனிக்கவில்லை. வீடு கதகதப்பாக இருக்கும்போது யாரும் பாய்லரைத் திறந்து பார்ப்பதில்லை. முதலாம் எண் வீட்டு பெரில், குளிர்ந்த நீர்க் குழாயைத் திறந்து கொதிக்கும் தண்ணீரை நேராகத் தேநீர்க் கெண்டியில் பிடித்துக்கொண்டிருந்தார். அதை யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் தெருவில் தன் வீடு சூடாக இருக்கிறது என்று சொன்னால் அது பெருமையடிப்பது. குளிர்கிறது என்று சொன்னால் அது புலம்பல். வானிலையைப் பற்றிப் பேசலாம். பேசினார்கள்.

தெல்மாவின் கணவர் கிளிஃபர்ட் முப்பத்தெட்டு வருடம் கம்பள ஆலையில் வேலை பார்த்தவர். நுரையீரலில் பாதி கம்பளத் தூசி. நவம்பர் முதல் வாரத்தில் அவர் ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர் போட்டார். இரண்டாம் வாரத்தில் ஓவர்கோட்டோடு சாப்பிட உட்கார்ந்தார். மூன்றாம் வாரத்தில் தொப்பியோடு படுத்தார். குளிர்கிறது என்று அவர் சொல்லவில்லை. தெல்மாவும் கேட்கவில்லை. இருபத்தாறாம் தேதி ஆம்புலன்ஸ் வந்தது. நிமோனியா. ஆறு வாரம் கழித்து வார்டு நர்ஸ் தெல்மாவை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். கிளிஃபர்ட் வீட்டுக்குப் போகலாம். ஆனால் வீட்டின் ஒவ்வோர் அறையிலும் பதினெட்டு டிகிரி வேண்டும், குழாயில் சுடுதண்ணீர் வேண்டும். இருபத்திரண்டாம் தேதி வியாழக்கிழமை பத்து மணிக்கு நகராட்சிப் பெண்மணி ஒருவர் தெர்மாமீட்டரோடு வருவார். பதினெட்டு இல்லையென்றால், மலைக்கு அந்தப் பக்கம் முதியோர் இல்லம் இருக்கிறது. இரண்டு பேருந்து மாறி, பிறகு ஏற்றத்தில் நடக்க வேண்டும். இதைப் படுக்கையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த கிளிஃபர்ட், “எனக்கு எங்கன்னாலும் சரிதான்” என்றார். நாற்பத்தாறு வருடத்தில் அவர் இப்படிச் சொன்னது இரண்டே தடவைதான். இரண்டு தடவையும் பொய். தெல்மா பேருந்து பிடித்து வீட்டுக்கு வந்தார். கோட்டைக் கழற்றாமல், ஆணியில் தொங்கிய, ரேடியேட்டர் திறக்கும் பித்தளைச் சாவியை எடுத்தார்.

அவர் முப்பது வருடம் ஆலையில் பிழை திருத்துபவராக இருந்தவர். நெய்த துணியைச் சாய்ந்த மேசையில் விரித்து, அறுந்த நூலையும் முடிச்சையும் விரலால் தேடி, ஊசியால் சரிசெய்யும் வேலை. பிழையை ஒவ்வோர் இழையாகத்தான் தேட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். முதலில் பாய்லரின் கடிகாரத்தைப் பார்த்தார். அது சரியாக ஓடியது. பிரஷர் முள் ஒன்றுக்குக் கீழே இருந்தது. தண்ணீரைத் திறந்து ஒன்றரைக்கு ஏற்றினார். அன்று பிற்பகல் ஏழாம் எண் வீட்டு முன்னறைத் தொட்டியில் தக்காளி பழுத்தது. மறுநாள் பாய்லரின் சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்கும் ஒவ்வொரு ரேடியேட்டரிலும் பித்தளைச் சாவியைச் செருகி, அடைபட்ட காற்றை வெளியேற்றினார். மாடிப்படி ரேடியேட்டரிலிருந்து வந்த காற்றில் 1976ஆம் வருடத்துக் கோடையின் உலர்ந்த புல் மணத்தது. தெல்மா அதை ஒரு முறை முகர்ந்துவிட்டு அடுத்த ரேடியேட்டருக்குப் போனார். அன்று மூன்றாம் எண் வீட்டில் மெழுகுவர்த்திகள் ஏற்றாமலே வளைந்தன. பின்சுவரில் பாய்லரின் கழிவுநீர்க் குழாய் உறைந்திருந்தது. கெட்டிலில் தண்ணீர் காய்ச்சி, மிதமாக ஆறவிட்டு, ஏழு தடவை ஊற்றி உருக்கினார். அன்று சமையலறை ஏழு டிகிரிக்கு இறங்கியது. நாட்காட்டியின் பின்பக்கத்தில் ஏழு என்று எழுதி, அடியில் கோடு போட்டார்.

பதினான்காம் தேதி பாய்லர் பழுதுபார்க்கும் நதீம் வந்தார். ஹாலிஃபாக்ஸ்காரர், நாற்பது வயது, பள்ளத்தாக்கின் பாதி பாய்லர்கள் அவர் பொறுப்பு. மண்டியிட்டு மூடியைக் கழற்றி அரை மணி நேரம் பார்த்தார்.

“பாய்லர்ல ஒரு கோளாறும் இல்ல, மிஸஸ் ஏக்ராய்ட். இதவிட நல்லா எரியிற பாய்லர நான் பாத்ததே இல்ல.”

“அப்பறம் ஏன் என் மூக்கு இப்படிச் செவந்து கெடக்கு?”

“அத டாக்டர்கிட்டதான் கேக்கணும்.”

“டாக்டரெல்லாம் வேணாம் கண்ணு. பம்ப மாத்து.”

பம்பை மாற்றினார். மழையும் பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருந்த அன்று மாலை, பதினொன்றாம் எண் வீட்டு நார்மன் ஷேக்கிள்டன் சன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, உள்பனியனோடு வாசலில் நின்றார். குப்பைத் தொட்டியை வெளியே வைக்க வந்த தெல்மா, “கொஞ்சம் சில்லுன்னு இருக்கு, நார்மன்” என்றார். “ஆமா, சில்லுன்னுதான் இருக்கு” என்றார் நார்மன், கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே. பத்தொன்பது வருடமாக இரண்டு வீட்டுக்கும் இடையே வானிலை தவிர வேறு பேச்சு இல்லை. நார்மன் ஒரு முறை கிளிஃபர்டின் ஏணியை இரவல் வாங்கினார். மறுநாள் அதிகாலை அது சுவரில் சாய்ந்திருந்தது, ஒரு படி ஒடிந்து. கிளிஃபர்ட் கேட்கவில்லை. நார்மன் சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூடப் பேசாமல் நடந்த சண்டை என்பதால் அது ஆறவே இல்லை.

பதினேழாம் தேதி நதீம் மறுபடி வந்தார். வடிகட்டியைக் கழற்றி, அதன் காந்தத்தில் ஒட்டியிருந்த கறுப்புத் துருக் குழம்பை வழித்து வாளியில் போட்டார். “உங்க கிறிஸ்துமஸ் கிரேவியா இது?” என்றார். “என் கிரேவி இதவிடக் கெட்டி” என்றார் தெல்மா. கசிவு எங்காவது இருக்கிறதா என்று பார்க்க, நதீம் பச்சைச் சாயம் ஒரு குப்பி தண்ணீரில் கலந்துவிட்டார். தெல்மா தரைப்பலகையைப் பெயர்த்துக் கொடுத்தார். இரண்டு பேரும் டார்ச்சோடு எல்லா மூலைகளிலும் ஊர்ந்தார்கள். பச்சை எங்கேயும் தெரியவில்லை. குழாய்களும் சுவரைத் தாண்டிப் போகவில்லை. தெல்மா நாட்காட்டியில் ஆறு என்று எழுதினார். வியாழக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை பனி ஓர் அடிக்குப் பெய்தது. வண்டியை மேட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து இறங்கிய நதீம், பாதி வழியில் நின்றார். பிறகு ஓடிவந்து, காலைத் துடைக்காமல் உள்ளே நுழைந்தார். தெல்மா காலைப் பார்த்தார். நதீம் அவரை வெளியே கூட்டிப்போய்த் தெருவின் எதிர்ப்பக்கம் நிறுத்தினார்.

“கூரையப் பாருங்க. என்ன தெரியுது?”

“பனி.”

“எங்க?”

தெல்மா பார்த்தார். பன்னிரண்டாம் எண் கூரைமேல் பனி மெத்தைபோல் கிடந்தது. மற்ற பதினொரு கூரையும் கறுத்து, ஈரமாக, ஆவி விட்டுக்கொண்டிருந்தன.

நதீம் முதலாம் எண் வீட்டுக் கதவைத் தட்டி, ஒரு நிமிட வேலை என்று சொல்லி, ரேடியேட்டரில் சாவியைத் திருகினார். பச்சைத் தண்ணீர் வந்தது. “பச்சையா இருக்கே” என்றார் பெரில். “ஆமா” என்றார் நதீம். “அழகாத்தான் இருக்கு” என்றார் பெரில். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. நதீம் தெல்மாவின் சமையலறைக்குத் திரும்பி, தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விளக்கினார். இது அவருக்குப் புதிதல்ல. “கீத்லியில ஒரு வீட்ல குளிக்கத் தண்ணி தொறந்தா எதிர் வீட்டுத் தொட்டி ரொம்பும். அங்கயாவது ரோட்டத் தாண்டணும். இது ஒரே வரிசைதான், சுலபம். தண்ணிக்குச் சோம்பேறித்தனம் ஜாஸ்தி, மிஸஸ் ஏக்ராய்ட். எந்த வழி லேசோ அதுல போய் அங்கயே எல்லாத்தையும் கொட்டிரும். பதினோரு வீட்லயும் ஒவ்வொரு வால்வா கொஞ்சம் கொஞ்சம் குறுக்கணும். அப்பதான் மிச்சம் கடைசி வீட்டுக்கு வரும். நீங்கதான் கடைசி.”

“அப்ப போய்க் குறுக்கு.”

“என்னன்னு சொல்லி உள்ள போறது? அவங்க வீட்ல ஒண்ணும் ரிப்பேர் இல்லையே. நீங்கதான் வந்து சொல்லணும்.”

“என்னத்தச் சொல்ல?”

“குளிருதுன்னு.”

நதீம் சாப்பாட்டு மேசையில் துப்பிவிட்டதுபோல் தெல்மா அவரைப் பார்த்தார். பாய்லரைப் பற்றி முறையிடுவது வேறு. நாற்பத்து நான்கு வருடமாக அந்தத் தெருவில் யார் எப்படியிருக்கிறீர்கள் என்று கேட்டாலும் அவர் சொன்ன பதில், நல்லா இருக்கேன் என்பதுதான். ஆம்புலன்ஸ் வாசலில் நின்ற காலையிலும் அதையே சொன்னார்.

புதன்கிழமை ஒன்பது மணிக்கு அவர் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு முதலாம் எண் வீட்டுக் கதவைத் தட்டினார். “கொஞ்சம் சில்லுன்னு இருக்கு, பெரில்” என்றார். “ஆமா தெல்மா” என்றார் பெரில். கதவைச் சாத்தினார். நதீம் கருவிப்பையோடு கேட்டருகே நின்றார். “சொல்லிட்டீங்களா?” என்று கேட்டார். “சொன்னேன்” என்றார் தெல்மா. “என்ன சொன்னீங்க?” தெல்மா, கிளிஃபர்ட் தொப்பியோடு படுத்திருந்ததை நினைத்தார். திரும்பிப் போய்க் கதவை முன்னைவிட உரக்கத் தட்டினார்.

“பெரில், எனக்குக் குளிருது. மூணு மாசமாக் குளிருது. உன் வீட்ல இருக்கறது என் சூடு.”

பெரில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, “சொல்லியிருக்கலாமே” என்றார்.

“நீயும் சொல்லியிருக்கலாம்.”

பத்தாம் எண்வரை ஏறக்குறைய இதே வார்த்தைகள்தான் பேசப்பட்டன. ஐந்தாம் வீட்டுக்கு வரும்போது தெல்மாவுக்குக் குரல் தயங்கவில்லை. ஏழாம் வீட்டில் தக்காளிப் பழம் ஒரு கூடை கொடுத்தார்கள். விருந்தாளிக்கென்று பூட்டிவைத்திருக்கும் முன்னறைகளை ஒவ்வொரு வீட்டிலும் திறந்துவிட்டார்கள். வருடக்கணக்கில் யாரும் உட்காராத சோபாக்களுக்குப் பின்னால் ரேடியேட்டர்கள் காந்திக்கொண்டிருந்தன. நதீம் ஒவ்வொரு வால்வையும் கால் திருப்பு, அரைத் திருப்பு என்று குறுக்கினார். குழாயைக் கையால் தொட்டுப் பார்த்து, டிகிரியைச் சொன்னார். தெல்மா நாட்காட்டியில் குறித்தார். நான்கு மணிக்கு ஒரே ஒரு கதவு பாக்கி இருந்தது.

நார்மன் பனியனோடு கதவைத் திறந்தார். தெல்மாவைப் பார்த்தார், வழக்கப்படி வானத்தைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் தெல்மா, “எனக்குக் குளிருது, நார்மன்” என்றார். மீதியையும் சொன்னார். பச்சைத் தண்ணீர், கூரை, தெர்மாமீட்டர், மலைக்கு அந்தப் பக்கத்து இல்லம். நார்மன் கடைசிவரை கேட்டார்.

“கிளிஃப் ஆஸ்பத்திரிக்குப் போனது இதனாலதானா?”

“ஆமா.”

நார்மன் வாசலைவிட்டு விலகி நின்றார். பத்தொன்பது வருடம் கழித்து தெல்மா அந்த வீட்டுக்குள் போனார். நதீம் கால் திருப்பு போதும் என்றார். நார்மன் முழுசாக மூடச் சொன்னார். எடுத்த எடுப்பில் முழுசாக மூடக் கூடாது, தண்ணீர் மிரண்டுவிடும் என்றார் நதீம். கால் திருப்பு குறுக்கிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்குத் தெல்மாவின் படுக்கையறை பதினேழு டிகிரி. சமையலறை பதினேழு. குழாயில் சுடுதண்ணீர் வந்தது. ஆனால் ஒரு டிகிரி குறைந்தது. தெல்மா துடைப்பத்தின் கட்டையால் சுவரில் இடித்து, “நார்மன்! இன்னும் ஒரு டிகிரி!” என்று கத்தினார். அந்தத் தெருவில் யாரும் கத்திக் கேட்டதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு வால்வுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிறீச்சிட்டன. பிறகு பத்தாம் எண்ணில் கிறீச்சிட்டன. பிறகு ஒன்பதில், எட்டில், தெருக்கோடிவரை. சரியாகப் பத்து மணிக்கு நகராட்சிப் பெண்மணி வந்தார். படுக்கையறையில் பதினெட்டு. குளியலறையில் பதினெட்டு. சமையலறையில் பதினெட்டரை. படிவத்தில் எழுதிவிட்டு சன்னல் வழியே பார்த்தார். பதினொரு வீட்டு வாசலுக்கு முன்னும் தெருவில் ஓவர்கோட்டும் கையுறையும் போட்டவர்கள் பன்னிரண்டாம் எண்ணைப் பார்த்தபடி நின்றார்கள்.

“தெருவுல ஏதாவது துக்கமா?” என்று கேட்டார்.

“இல்ல கண்ணு. இன்னைக்குக் கொஞ்சம் சில்லுன்னு இருக்கு” என்றார் தெல்மா.

அதன் பிறகு ஒன்பது குளிர்காலம் அந்தத் தெரு ஒரே பாய்லரில் ஓடியது. கடிகாரத்தைப் பின்னால் வைக்கும் ஞாயிறுதோறும் நதீம் வந்து முதலாம் எண்ணிலிருந்து தொடங்கி வால்வுகளைச் சரிபார்த்தார். நான்காம் எண் வீடு கைமாறியபோது, வாங்கியவர்களுக்குக் குப்பை வண்டி வரும் நாளோடு சேர்த்து இதையும் சொன்னார்கள். அவர்கள் சரி என்றார்கள். காலையில் பால் எடுக்க வெளியே வருபவர்கள் வானிலையைச் சொல்லி முடித்ததும் தங்கள் வீட்டு டிகிரியையும் சொல்லும் வழக்கம் வந்தது. முதல் வருடம் கூச்சத்தோடு சொன்னார்கள். பிறகு பழகிவிட்டது.

ஆனால் அந்த முதல் சனிக்கிழமை, இருபத்து நான்காம் தேதி, இதெல்லாம் இன்னும் வழக்கமாகவில்லை. மூன்று மணிக்கு கிளிஃபர்ட் வந்து சேர்ந்தார். ரேடியேட்டருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கையை அதன்மேல் வைத்தார். வைத்த கையை எடுக்காமல் மற்ற கையால் தொப்பியைக் கழற்றினார். நான்கு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. நார்மன் நின்றார், ஓவர்கோட்டோடு, மஃப்ளரோடு, உதடு நீலம் பாரித்து. வியாழனன்று மூடிய ஆறு வால்வையும் அவர் திறக்கவே இல்லை. தெல்மா ஒதுங்கி நின்றார். நார்மன் கம்பளத்தின் விளிம்புவரை வந்து நின்றுவிட்டார்.

“கொஞ்சம் சில்லுன்னு இருக்கு, கிளிஃப்.”

“ஆமா, நார்மன்.”

வழக்கப்படி பேச்சு அத்தோடு முடிந்தது. நார்மன் போக வேண்டும். போகவில்லை. கையுறைகளைக் கழற்றி, ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து, கோட்டுப் பையில் வைத்தார்.

“எனக்குக் குளிருது, கிளிஃப்.”